உசிலம்பட்டிச் சாலையில் கொதித்த மோட்டார்

மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்கு ரயில் இருக்கிறது. பிறகு ஏன் மோட்டாரில் போனீர் என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ரயில் தனக்கு இஷ்டப்பட்ட இடத்தில் நிற்கும், எனக்கு இஷ்டப்பட்ட இடத்தில் நிற்காது. நான் மேல மாசி வீதியில் மருந்துக் கடை வைத்திருப்பவன். செக்கானூரணியிலும் உசிலம்பட்டியிலும் உள்ள வைத்தியசாலைகளுக்கு டிங்சர், மாத்திரை, பஞ்சு என்று சில மரப்பெட்டிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. உசிலம்பட்டி மாட்டுச் சந்தையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் நெடுநாளாக இருந்தது. சென்ற பங்குனியில் ஒரே கல்லில் இரண்டு மாங்காயையும் அடித்துவிடலாம் என்று கிளம்பினேன்.

வண்டி, வாடகை வண்டி. மைலுக்கு மூன்று அணா, இரவு தங்கினால் ஒரு ரூபாய் சேர்த்து. பேரம் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை. ஓட்டியவர் அப்துல் கரீம், காஜிமார் தெருக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். மதுரையில் அவரைப்போல் வண்டி ஓட்டுகிறவர்கள் குறைவு. ஆனால் வண்டி அவருடையதல்ல, ஒரு ஜவுளிக்கடை முதலாளியுடையது. மாசி மாதம் வழியில் ரப்பர் குழாய் வெடித்துத் தண்ணீரெல்லாம் கொட்டிப்போய் இன்ஜின் சூடேறி நின்றதாம். அன்றே முதலாளி, "இன்னொரு தடவை இன்ஜினில் கோளாறு என்று வந்து நின்றால், சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விடு. என் மைத்துனன் ஓட்டிக்கொள்வான்" என்று சொல்லிவிட்டார். கரீம் இதைப் புறப்படும்போதே என்னிடம் சொன்னார். மூன்று பிள்ளைகள், வயதான வாப்பா, எல்லோருக்கும் அந்தச் சாவிதான் சோறு.

"அதுனால மெதுவாத்தேன் போவேன், அண்ணே. வெரசாப் போகச் சொல்லிராதீக" என்றார்.

"எறும்பு போல ஊர்ந்து போனாலும் சரி" என்றேன்.

காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். காளவாசலைத் தாண்டியதும் ஊர் முடிந்துவிடுகிறது. வலது பக்கம் நாகமலை கூடவே வருகிறது. சாலை சரளைக்கல் சாலைதான், ஆனால் இரு பக்கமும் புளியமரம் இருப்பதால் வெயில் தலையில் இறங்காது. எதிரில் வைக்கோல் பார வண்டிகள் வந்தால் இறங்கி நின்றுவிடுவது நல்லது. அந்த மாடுகளுக்கு மோட்டார் என்றால் ஆகாது, மோட்டார்காரனுக்கு அந்த வண்டிக்காரர் நாக்கு என்றால் ஆகாது. செக்கானூரணி பதினோரு மைல். அங்கே பெட்டிகளை இறக்கி, கணக்குப் பார்த்து, கம்பவுண்டர் வாங்கிக் கொடுத்த காபியைக் குடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

அதற்கு மேற்கே மரமும் குறைந்துபோகிறது. வானம் பார்த்த பூமி. அறுத்த கம்பங்கொல்லையும் கருவேலமும்தான் கண்ணுக்குத் தெரியும். செல்லம்பட்டியைத் தாண்டி ஒரு மைல் போனதும், சாலையோரம் ஒரு பெரிய வேப்பமரம், அதன் பின்னால் ஒரு கூரைவீடு. மணி பன்னிரண்டரை. கரீம் நிழலில் வண்டியை நிறுத்தி, ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தார். ரேடியேட்டர் என்பது மோட்டாரின் முகத்தில் இருக்கும் தண்ணீர்ப் பெட்டி. அதற்குள் இருக்கும் மெல்லிய குழாய்களில் தண்ணீர் இறங்கி, காற்றில் ஆறி, திரும்ப இன்ஜினுக்குப் போகும். வெயில் காலத்தில் பதினைந்து மைலுக்கு ஒரு முறை தண்ணீர் பார்க்க வேண்டும்.

வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும், காதில் பெரிய தண்டட்டி. பெயர் விருமாயி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"அக்கா, தாகமா வந்திருக்கோம். வண்டிக்கும் கொஞ்சம் தண்ணி வேணும்" என்றார் கரீம்.

"அதுக்கென்ன, ராவுத்தரே. நெழல்ல உக்காருங்க, இந்தா வாரேன்."

கரீம் குடத்துத் தண்ணீரில் கைகால் கழுவி, மரத்தின் மறுபக்கம் நண்பகல் லுஹர் தொழுகைக்குத் துண்டை விரித்தார். விருமாயி ஒரு கலயம் நிறையக் கரைத்த கம்மங்கஞ்சியைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். மோர் விட்டு, உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டிருந்தது. மதுரையில் எந்த ஓட்டலிலும் காசு கொடுத்தாலும் அது கிடைக்காது. நான் அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தபோது அவர் இன்னொரு கலயத்தோடு வண்டிப் பக்கம் போனார். "நீங்க உக்காருங்க, நான் ஊத்துறேன்" என்றார். நான் உட்கார்ந்திருந்தேன். தொழுது முடித்து வந்த கரீமும் கஞ்சி குடித்தார். மூடியைத் திருகினார், கிளம்பினோம். காசு நீட்டியதற்கு அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை எழுதினால் எனக்குத்தான் அவமானம்.

மூன்று மைல் போயிருக்க மாட்டோம், மூடியில் பதித்திருந்த உஷ்ணமானியில் சிவப்பு ஏறியது. கரீமின் முகத்தில் அது இறங்கியது. அடுத்த அரை மைலில் மூடியின் இடுக்கிலிருந்து ஆவி சீறிக்கொண்டு வந்தது. நிறுத்தி, ஆறவிட்டு, அரை மைல் போய், மறுபடி நிறுத்தி, இப்படியே தவணை முறையில் உசிலம்பட்டி போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது.

சந்தைத் திடலுக்கு எதிரே சுப்பையா மிஸ்திரியின் பட்டறை இருக்கிறது. சைக்கிளும் பஸ்ஸும் பழுது பார்ப்பார். நல்ல மனிதர், ஆனால் நோயாளியைப் பார்த்ததுமே பாடைக்கு மூங்கில் வெட்டுகிறவர். ஆவி அடங்கியதும் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு எடுத்தார். அதில் சாம்பல் நிறமும் காவி நிறமும் கலந்த கொழகொழவென்ற சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. மேலே எண்ணெய்ப் பசை போல ஒரு மினுமினுப்பு.

"முடிஞ்சு போச்சு" என்றார் மிஸ்திரி. "இன்ஜின் மண்டையில வெடிப்பு விட்டிருக்கு, மாப்ள. எண்ணெ வந்து தண்ணியில கலந்திருச்சு. போன மாசம் ஒரு பஸ்ஸுக்கு இதே மாதிரித்தேன். மண்டையக் கழட்டணும், சாமான் மெட்ராஸ்லருந்து வரணும். வண்டி இங்கேயே கெடக்கட்டும்."

கரீம் வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார். "மொதலாளிக்குத் தந்தி குடுத்துர்றேன், அண்ணே. மறைக்கக் கூடாது. நாளைக்கு வேற ஆளு வாயில கேட்டாகன்னா இன்னும் கேவலம்" என்றார். தபாலாபீஸை நாலு மணிக்கு மூடிவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

தந்தி போனால் சாவி போகும். நான் பிடிவாதக்காரன் என்று என் வீட்டில் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான். தெரியாத நோய்க்குச் சீட்டு எழுதும் வைத்தியர்களை நான் கடையில் தினமும் பார்க்கிறேன், அதனால் மிஸ்திரி சொன்னதும் தலையாட்ட எனக்கு மனம் வரவில்லை.

"மிஸ்திரி, எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிக் காட்டுங்கள்" என்றேன். உருவினார். எண்ணெய் கறுப்பாக, சுத்தமாக, காலையில் பார்த்த அளவிலேயே இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் பால் கலந்த காபி போல் வெளுத்திருக்கும். அதில் ஒரு சொட்டைச் சூடான புகைக்குழாய் மேல் விட்டேன். தண்ணீர் சேர்ந்த எண்ணெய் என்றால் கடுகு போல் வெடிக்கும். இது சத்தமில்லாமல் புகைந்தது.

மிஸ்திரி விடவில்லை. "எண்ணெக்குள்ள தண்ணி வரல, சரி. தண்ணிக்குள்ள எண்ணெ போயிருக்கலாம்ல? ரெண்டும் மாத்தி மாத்தித்தேன் போகணும்னு சட்டமா?"

நியாயமான கேள்வி. நான் அந்தக் குச்சியை மூக்கருகே கொண்டுபோனேன். துரு வாடை, ரப்பர் வாடை, அதற்கெல்லாம் அடியில் ஒரு புளித்த வாடை. இன்ஜின் எண்ணெய் கருகும், நாறும், புளிக்காது. புளிப்பது சோற்று ஜாதி. சோற்று ஜாதியைக் கண்டுபிடிக்கும் மருந்து என் பெட்டியிலேயே இருந்தது. காயத்துக்குப் போடுகிறோமே, அந்த டிங்சர் அயோடின். மாவுச்சத்து எதில் இருந்தாலும் அதன்மேல் ஒரு சொட்டு விட்டால் கருநீலமாகிவிடும். எண்ணெய் மேல் விட்டால் பழுப்பாகவே கிடக்கும். அதைச் சபையறிய விளக்கிவிட்டு, ரேடியேட்டர் குழாயின் அடியிலிருந்து ஒரு கரண்டி சேற்றை வழித்து ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து, சீசாவைத் திறந்தேன். அதற்குள் மறுநாள் சந்தைக்கு முந்திக்கொண்டு வந்த ஆட்கள் இருபது பேர் கூடிவிட்டார்கள்.

"மருந்துக்காரரு மை போட்டுப் பாக்குறாரு!" என்றார் ஒருவர்.

"யண்ணே, எங்க கெடா ஒண்ணு காணாமப் போச்சு. அதையும் இதுல பாத்துச் சொல்லுங்க" என்றார் இன்னொருவர், கேலியா நிஜமா என்று தெரியாத முகத்தோடு.

சொட்டு விட்டேன். சேறு பழுப்பாகவே கிடந்தது. இன்னொரு சொட்டு. அதே பழுப்பு.

"மையி பேசல போலிருக்கே" என்று மிஸ்திரி பீடி பற்றவைத்தார். கூட்டம் சிரித்தது. கரீம் எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "இம்புட்டு மெனக்கெட்டதுக்கு அல்லா ஒங்களுக்கு நல்லது செய்யட்டும், அண்ணே. தந்தி குடுத்துட்டு வாரேன்" என்று தபாலாபீஸ் பக்கம் நடக்க ஆரம்பித்தார். உள்ளதைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் நான் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

இலையைக் கையில் எடுத்தேன். சுட்டது. அப்போதுதான் உறைத்தது. கொதித்த இன்ஜினிலிருந்து எடுத்த சேறு! சூட்டில் அந்த நீலம் பிடிக்கவே பிடிக்காது, ஆறினால்தான் வரும். மருந்துக் கடைக்காரனுக்கு இது அரிச்சுவடி. இலையை நிழலில் பிடித்து ஊதினேன். ஓரத்தில் முதலில் ஒரு சாயை தெரிந்தது. பிறகு மை சிந்தினாற்போல் நடுவரைக்கும் கருநீலம் பரவியது.

"கரீம்!" என்று நான் போட்ட சத்தத்தில் சந்தை மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டது.

அவர் ஓடி வந்தார். மிஸ்திரியும் பீடியை எறிந்துவிட்டுக் குனிந்தார். சந்தேகத்துக்கு இடம் வைக்காமல், இன்ஜின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன். பழுப்பு. எதிர்க்கடை இட்லியைப் பிய்த்து அதில் ஒரு சொட்டு. கருநீலம். சேற்றில் கொஞ்சத்தை ஒரு தகரத்தில் தேய்த்துக் கரி அடுப்பில் காட்டினோம். அடிபிடித்த கம்மஞ்சோற்று வாடை ஊருக்கே தெரிந்தது.

"கஞ்சி!" என்றார் மிஸ்திரி. அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "செல்லம்பட்டிக்கு இந்தப் பக்கம் தண்ணி வாங்குனீகளா? எங்க பக்கத்துல வெயில்ல வந்த ஆளுக்கு வெறுந்தண்ணி குடுக்க மாட்டாக, மாப்ள. குடுத்தா வீட்டுக்கே கேவலம். வண்டியும் ஒங்களோட சேந்து வந்த ஆளுதான? அதுக்கு மட்டும் பச்சத்தண்ணியா ஊத்துவாக?"

மினுமினுப்பு மோரின் நெய்ப்பசை. சாம்பல் நிறம் கம்பு. காவி நிறம் ரேடியேட்டரின் பழைய துரு. இன்ஜின் சூட்டில் கஞ்சி மேலும் வெந்து, களியாகிக் குழாய்களை அடைத்திருக்கிறது. கரீம் தலையில் கையை வைத்துக்கொண்டு, "யா அல்லா, அக்கா வண்டிக்கு விருந்து வச்சிருச்சு" என்றார். அன்று மதியத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

வைத்தியம் எளிதுதான். ஆனால் பொறுமை வேண்டும். இன்ஜினை நன்றாக ஆறவிட்டு அடிக்குழாயைக் கழற்றிச் சேற்றை வடித்தோம். வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து ஊற்றி, வண்டியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, மறுபடி வடித்தோம். பிறகு மிஸ்திரியின் யோசனைப்படி ரேடியேட்டரைக் கழற்றி, கீழ்வாயிலிருந்து மேல்வாய்க்குத் தண்ணீரைத் தலைகீழாக விட்டு அலசினோம். மேலிருந்து மட்டும் ஊற்றினால் அடைப்பு இன்னும் கெட்டிப்படும் என்றார், சரியாகவே சொன்னார். வடிந்த தண்ணீரில் ஒவ்வொரு முறையும் அயோடின் விட்டுப் பார்த்தேன். முதலில் கருநீலம், பிறகு வெளிர்நீலம், கடைசியில் வெறும் பழுப்பு. பொழுது சாய்வதற்குள் வண்டி சொஸ்தம். சேற்றில் கொஞ்சத்தை மட்டும் ஒரு சிகரெட் டப்பாவில் அடைத்து வைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி சத்திரத்தில் படுத்தோம். மூட்டைப்பூச்சி உண்டு.

மறுநாள் வைத்தியசாலையில் பெட்டிகளைச் சேர்த்தேன். பிறகு சந்தை. மாடு வாங்குகிற உத்தேசம் இல்லாவிட்டாலும் போய்ப் பாருங்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்க்கலாம். கெடா தொலைத்தவர் என்னைக் கண்டுபிடித்து மறுபடி மை போடச் சொன்னார். நிஜமாகத்தான் கேட்டிருக்கிறார்.

பிற்பகல் மூன்றரைக்குத் திரும்பினோம். வேப்பமரம் நெருங்கியதும் நான் முடிவு செய்துவிட்டேன். "அந்த அம்மாளிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும், கரீம். இல்லையென்றால் நாளைக்கு வேறொரு வண்டிக்கும் இதே கதிதான்."

"வேணாம், அண்ணே. ஒரு வார்த்த சொல்லிராதீக. குடுத்ததக் கொற சொன்னா அந்த மனசு தாங்காது. நிறுத்துறேன், நீங்க பேசாம இருங்க."

பிழைப்பே போகவிருந்த மனிதர் சொல்கிறார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வரலாற்றில் இது அபூர்வம்.

சத்தம் கேட்டதுமே விருமாயி இரண்டு கலயத்தோடு வந்துவிட்டார். "வாங்க, வாங்க! வண்டி நல்லா ஓடுச்சா? நேத்து அம்புட்டையும் குடிச்சிருச்சே, பாவம், என்னா தாகம்!" என்று ஒன்றை எங்களிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றோடு நேரே ரேடியேட்டர் பக்கம் போனார்.

"அக்கா, இன்னிக்கு வண்டிக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாது. அது நோன்பு" என்றார் கரீம்.

"நோன்பா? ஒங்க நோன்பு மாசம் இது இல்லையே, ராவுத்தரே?"

"நேத்து வழியில மக்கர் பண்ணிருச்சு. அதுக்கு ஒரு நாள் நோன்பு வச்சிருக்கேன்."

விருமாயி வண்டியை ஏற இறங்கப் பார்த்தார். அவர் நம்பினாரா, கூடச் சேர்ந்து விளையாடினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "எப்ப தெறக்கும்?" என்றார்.

"பொழுது எறங்கவும். மதுரைக்குப் போயிருவோம்."

"அப்பச் சரி. ஒங்காளுக கஞ்சி குடிச்சுத்தான நோன்பு தெறப்பாக?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு சுரைக்குடுக்கை நிறையக் கஞ்சியை ஊற்றி, வாயை இலைச்சுருளால் அடைத்து, கயிறு கட்டிக் கொண்டு வந்து, வண்டியின் முன் விளக்கில் தன் கையாலேயே மாட்டிவிட்டார். "மறந்துராம குடுங்க. வெறும் வயித்தோட வீட்டுக்குப் போகக் கூடாது."

கரீம் சரி என்று தலையாட்டினார். ஒரு மைல் போனோம். பிறகு அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புழுதி என்றார். சாலையில் அப்போது புழுதியே இல்லை.

காளவாசல் வந்தபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளிவாசல் பாங்கு சத்தம் கேட்டதும் கரீம் வண்டியை ஓரம் கட்டித் தொழுதார். பிறகு குடுக்கையை அவிழ்த்தோம். வண்டியின் பங்கை நாங்கள் இருவரும் பாதிப் பாதியாகக் குடித்தோம்.

அடுத்த நாள் காலை முதலாளி கடைக்கு நானும் கூடப் போனேன். கரீம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, சாவியை மேஜை மேல் வைத்தார். முதலாளி நம்பவில்லை. நான் சிகரெட் டப்பாவைத் திறந்து, அவருடைய கணக்குப்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு சொட்டு அயோடின் விட்டேன். இந்த முறை சேறு ஆறியிருந்தது, உடனே நீலம் பிடித்தது. முதலாளி வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கரீம் பக்கம் தள்ளினார். "அந்தச் சாலையில் போனால் உனக்கு மட்டும் வாங்கிக் குடி" என்றார். கரீம்தான் இன்றும் அந்த வண்டியை ஓட்டுகிறார்.

இனி நீங்கள் போவதாக இருந்தால் என் யோசனைகள். வண்டி கொதித்தால் மூடியை உடனே திறக்காதீர்கள், முகம் வெந்துபோகும். ரேடியேட்டரில் சேறு கண்டால் பதற வேண்டாம். முதலில் எண்ணெய்க் கம்பியைப் பாருங்கள். எண்ணெய் வெளுத்திருந்தால்தான் பெரிய நோய். காவியாக மட்டும் இருந்தால் துரு, அல்லது கண்மாய் வண்டல். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டு அயோடின், சேறு ஆறிய பிறகு. மதுரையிலேயே இரண்டு தகர டின்னில் நல்ல தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், வழியில் கேட்க வேண்டியிராது. ஆனால் கேட்க வேண்டியிராது என்பதற்காக அந்த வேப்பமரத்தடியில் நிறுத்தாமல் போய்விடாதீர்கள்.

விருமாயியின் சுரைக்குடுக்கை என் கடையில்தான் இருக்கிறது. அதை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று கரீம் அதில் பேரீச்சம்பழம் நிரப்பி வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் முதலில் போகிறவர் யாரானாலும் வாங்கிக்கொண்டு போகலாம். போனதும் விருமாயி உங்களை விசாரிப்பதற்கு முன்னால் வண்டியைத்தான் விசாரிப்பார். நோன்பு நல்லபடியாகத் திறந்தது என்று சொல்லுங்கள்.